சிவப்புச் சப்பாத்து

அண்ணை,

இன்று காலை என் சொந்தக் கடை வாசலில் முழங்காலில் நின்று, மனைவியின் பல் தூரிகையால் ஒரு பெண்ணின் சப்பாத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டேன். எவனோ ஷட்டரில் கறுப்பு மை விசிறிவிட்டுப் போயிருந்தான். ஷட்டரில் வரைந்திருக்கும் பெண்ணின் படத்தில் மேல் பாதி தப்பிவிட்டது, கால்களில்தான் தெறித்திருந்தது. போன மாதம் பக்கத்தில் மீன்கடை எடுத்தவர் ஐஸ் பெட்டியோடு வந்து நின்று, "என்ன, கடைக்குக் கும்பிடு போடுறியளோ?" என்று கேட்டார். நிமிர்ந்து படத்தைப் பார்த்துவிட்டு, "உங்கட அம்மாவோ?" என்றார்.

ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. என்னைப் பெற்றவர் பாரிஸுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் மூன்றாம் மாடியில் சீரியல் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்கிறார். மீன்கடைக்காரர் வாயை மூடுகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி அங்கே போய்ச் சேரும். எனக்கு இரண்டு மாதத்துக்குச் சாப்பாடு கிடையாது.

பெயின்ட் கரைக்கும் தின்னர் மணம் இன்னும் விரலில் இருக்கிறது. அது உங்களுடைய மணம். பகல் முழுக்க அடுத்தவர் வீடுகளுக்கு வெள்ளை அடித்துவிட்டு, அந்த மணத்தோடுதான் வாழைக்காயும் மரவள்ளியும் வாங்க என் கடைக்கு வருவீர்கள். நம் தமிழ்க் கடைத்தெரு லா ஷப்பலில் எல்லோரும் எல்லோரையும் அண்ணை என்பதைக் கேட்டுக் கேட்டு, என்னைவிட நான்கு வயது மூத்த நீங்களும் என்னை அண்ணை என்றீர்கள். நான் உங்களை ஸ்பானியோல் என்றேன். உடனே மரவள்ளியைத் தராசில் வைத்துவிட்டுப் பாடம் எடுத்தீர்கள்: ஸ்பெயின் இல்லை, கொலம்பியா. லத்தீன் அமெரிக்கா. அந்த மொழியைப் பேசுவதால் அந்த ஊர்க்காரன் ஆகிவிட மாட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். யாழ்ப்பாணத்தானான என்னை இங்கே ஊரெல்லாம் இந்தியன் என்று கூப்பிடுவதைச் சொன்னேன். பழங்குடியான உங்கள் பாட்டனாரையும் அங்கே அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று சிரித்தீர்கள். நாம் பேசிய பிரெஞ்சைப் பிரெஞ்சுக்காரர் கேட்டிருந்தால் அழுதிருப்பார்கள். அதனால் உங்கள் பேச்சை என் பேச்சிலேயே எழுதுகிறேன். வேறு வழி எனக்குத் தெரியாது.

ஷட்டரில் படம் வரையக் கேட்டபோது, இலவச விளம்பரம் என்று நினைத்துத்தான் சம்மதித்தேன். அரிசி மூட்டை, கத்தரிக்காய், மூலையில் ஒரு பிள்ளையார் என்று பட்டியலும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள். கடைசியில் வந்தது உங்கள் அம்மா. மலையிலிருந்து இறங்கி, கடலைக் கடந்து, நம் மெத்ரோ பாலத்தடியில் வந்து நிற்கிறார். தலையில் வாழைக்குலை, இரண்டு பின்னல், வெறுங்கால். பிள்ளையாரைக் காணோம்.

"பூட்டினாத்தான் தெரியுமெண்டா, பிறகென்ன விளம்பரம்?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கள் கடை வாரத்தில் ஏழு நாளும் திறந்திருக்கும்.

நீங்கள் தூரிகையைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "பகலிலை நடக்கிற சனத்துக்குப் பாக்க ஆயிரம் கடை இருக்கு. விடிய அஞ்சு மணிக்கு நடக்கிறவைக்கு என்ன இருக்கு? பூட்டின இரும்புதானே?"

உங்கள் அம்மா புறநகர் செவ்ரானிலிருந்து முதல் ரயிலில் வந்து, இந்தத் தெருவால் நடந்து, அலுவலகங்களைத் துடைக்கப் போகிறவர். முப்பது வருடத்துக்கு மேல் துடைத்த இடங்களில் அவர் முகம் பார்த்தவர் கிடையாது. ஆட்கள் வருவதற்குள் அவர் போயிருக்க வேண்டும். அந்த மாதக் கடைசியோடு பென்ஷன். அதற்குப் பிறகு இந்தத் தெருவுக்கு வரமாட்டார். இந்த நகரத்தில் ஒரு சுவராவது தன்னைத் தெரிந்து வைத்திருக்கிறது என்று அவர் வேலையை விடுமுன் பார்க்க வேண்டும். உங்களுக்கு அது மட்டும்தான் வேண்டியிருந்தது. அதைக் கேட்டதும் நான் பிள்ளையாரை விட்டுக்கொடுத்தேன்.

படம் முடிந்த அந்த விடியலில் நாம் இருவரும் பாலத்துத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இரண்டு தொந்திகளை மறைக்க அந்தத் தூண் காணாது. உங்கள் அம்மா வேறு இரண்டு பெண்களோடு வந்தார். நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். பிறகு தூணைத் திரும்பிப் பாராமலே, உங்களை வெளியே வரச் சொன்னார்.

"ஆரின்ர கால் இது?"

"உங்கட கால்தான், அம்மா."

"நான் எப்ப வெறுங்காலோடை திரிஞ்சனான்? பொகோட்டாவிலை கந்தோரிலை டைப் அடிச்சனான். வாழைக்குலையைத் தலையிலை வைச்சு ஒரு அடி நடந்ததில்லை. இஞ்சை வந்து இறங்கேக்கை சிவப்புச் சப்பாத்து, குதி உயர்ந்தது, ஒரு மாதச் சம்பளம் குடுத்து வாங்கினது. போஸ்ட் கார்டிலை வாற ஆளைக் கீறி என்ர மூஞ்சையை ஒட்டியிருக்கிறாய்."

சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நீங்கள் நடைபாதையில் உட்கார்ந்தீர்கள். அவர் உங்களைச் சித்தியிடம் விட்டுவிட்டு முதலில் வந்தவர். நீங்கள் ஒன்பது வயதில் பின்னால் வந்தவர். அவர் வந்திறங்கியதை நீங்கள் பார்க்கவில்லை. பார்க்காத அம்மாவை எல்லோரையும்போல நீங்களும் கற்பனை செய்திருந்தீர்கள். நானும் அப்படித்தான். பிரெஞ்சு வாடிக்கையாளர்களிடம் நான் பனை மரத்தடியில் வளர்ந்தவன் என்று கதை விட்டுக்கொண்டிருந்தேன். நான் வளர்ந்தது யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், டீசல் புகையில்.

அடுத்த ஞாயிறு உங்களுக்காகக் கடையைப் பூட்டினேன், மறுபடி தொடங்கினீர்கள். பின்னலை அவிழ்த்துக் கூந்தலைக் குட்டையாக வெட்டினீர்கள். குலையை அழிக்க என் மனைவி விடவில்லை, கடையில் விற்பது அதுதானே என்றாள். அது தலையிலிருந்து இறங்கிக் கைப்பைக்குள் போனது. கால்களுக்கு மட்டும் அரை நாள் எடுத்தீர்கள். அப்படி ஒரு சிவப்பை நான் தேர்த்திருவிழாவில்கூடக் கண்டதில்லை.

திங்கள் விடிய அவர் வந்தார். மேலங்கியை இழுத்துச் சரிசெய்து, படத்துக்குச் சமமாக நிமிர்ந்து நின்றார். "இது நான்," என்றார். கூட வந்த பெண்களிடம் அதையே திரும்பச் சொன்னார். நீங்கள் தூணுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினீர்கள். தடிமன் என்றீர்கள். சரி, தடிமன்தான்.

இப்போது துப்புரவுப் பெண்களுக்கு அதுதான் சந்திக்கும் இடம். "சிவப்புச் சப்பாத்தடியிலை நில்" என்று தொலைபேசியில் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். தமிழிலும் கேட்டிருக்கிறேன். நீங்கள் கண்ணை மூடி இரண்டு குளிர்காலம் ஆகிறது. அவர்களுக்கு உங்கள் பெயர் தெரியாது, ஆனால் சப்பாத்தைத் தெரியும். பனை மரக் கதையை நான் விட்டுவிட்டேன். பஸ் நிலையத்தைச் சொல்கிறேன். அதற்கும் ஆட்கள் காது கொடுக்கிறார்கள்.

மாதம் ஒருமுறை மரவள்ளியும் வாழைக்காயும் எடுத்துக்கொண்டு செவ்ரானுக்கு உங்கள் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். போன ஞாயிறு போனபோது நல்ல மனநிலையில் இருந்தார். கோப்பி ஊற்றிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். உங்களுக்கு மட்டும் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கினார், நீங்கள் இருப்பதுபோலவே. என் வாய் கடைக்காரன் வாய் என்று உங்களுக்குத் தெரியும்.

விமானத்தில் கால் வீங்கிவிட்டதாம். சப்பாத்து ஏறவில்லையாம். பாரிஸில் அவர் இறங்கியது வெறுங்காலோடு. சிவப்புச் சப்பாத்து இரண்டும் கையில்.