ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரின் வயிற்றைக் கழுவியது

முத்தையாபுரம், தூத்துக்குடி
விஜயதசமிக்கு அடுத்த ஞாயிறு

என் அன்பு மகள் சந்தனச்செல்விக்கு,

மன்னார் வளைகுடாக் கரையோரத்து லாரிகள் அத்தனையும் ஏறி இறங்கும் எடைமேடையின் ஏகச் சக்கரவர்த்தி, உப்பு மூட்டைகளின் தர்மராஜன், உன் சித்தப்பன் செந்தூர்வேல் எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி செண்பகமும், அவளுடைய முழங்கால் வலியும், எடைமேடையில் ஏறிப் படுத்துக்கொண்டு தினமும் தன் எடையைப் பார்த்துக்கொள்ளும் அந்த நொண்டி நாயும் முருகன் புண்ணியத்தில் சுகம். அங்கே வடதுருவத்துக்குப் பக்கத்துப் பெர்கனில் நீயும், நீ ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளும் நாலு சட்டையும், விடாமல் பெய்கிற உங்கள் ஊர் மழையும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒருவரி எழுது. போனில் பேசினால் நான் சொல்லும் எதற்கும் பாதியிலேயே சிரித்துவிடுகிறாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன். இது சிரித்துக் கெடுத்துவிடக் கூடாத சங்கதி. அதனால்தான் பார்சலுக்குள் காகிதமாக வைத்து அனுப்புகிறேன், முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு சிரி. சாத்தான்குளத்து அத்தை மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது, தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளை மொபைல் கடை வைத்திருக்கிறார், நம் பக்கத்து ஆள்தான். உன் சித்தி அதற்குள் மூன்று சேலை பார்த்துவிட்டாள், மூன்றும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் எடைமேடைக் கம்ப்யூட்டர் படுத்திய பாடு உனக்குத் தெரியும். அதை ஆன் பண்ணிவிட்டுத் திருச்செந்தூர் போய், மொட்டை போட்டு, கடலில் குளித்து, பஸ்ஸில் திரும்பி வந்தால் அப்போதுதான் கண்ணைத் திறக்கும். அப்படியே மறுபடி தூங்கும். நம் ஆபரேட்டர் அனுசியா இருக்கிறாளே, அவள் அதன் முன்னால் உட்கார்ந்து எடைச் சீட்டு வருவதற்குள் ஒரு ஸ்வெட்டர் பின்னி முடித்துவிட்டாள், தூத்துக்குடி வெயிலில் அதை யாருக்குப் போட என்று தெரியாமல் உனக்குத்தான் இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். ஆயுத பூஜை வந்தது. மேடையைக் கழுவினோம், தராசுப் படிக்கல்லைத் துலக்கினோம், கம்ப்யூட்டரின் மேலெல்லாம் துணியால் துடைத்தாயிற்று. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. லாரிக்காரன் பூஜைக்கு இன்ஜின் வரைக்கும் கழுவுகிறான், நாம் வெளியே துடைத்துவிட்டு உள்ளே அழுக்கோடு சாமி முன்னால் நிறுத்தினால் சரஸ்வதி என்ன நினைப்பாள்? உள்ளேயும் சுத்தம் பண்ணத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தேன். லாரி ஓட்டுகிற ஜேசுதாசன் வேறு ஒரு இலவச சாப்ட்வேர் காட்டினான், அதைத் திறந்தவுடனே உங்கள் கம்ப்யூட்டரில் ஆயிரத்துச் சொச்சம் குற்றம் என்று சிவப்பாக எழுதிக் காட்டியது. போலீஸ் ஸ்டேஷனில்கூட ஒரே ஆள் மேல் அத்தனை கேஸ் போட மாட்டார்கள்.

நல்லவேளை, உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய் என்று வரிக்கு வரி எனக்கு ஞாபகம் இருக்கிறது. முதலில் ஜேசுதாசன் காட்டியதை ஏற்றவே கூடாது, அது பயங்காட்டிப் பிழைப்பது என்றாய். வேண்டாத புரோகிராமையெல்லாம் கன்ட்ரோல் பேனல் வழியாக எடுத்தாலே பாதிச் சுமை இறங்கிவிடும் என்றாய். ரெஜிஸ்ட்ரி என்பது, எந்த புரோகிராம் எங்கே இருக்கிறது, எந்த வயர் எந்த மெஷினுக்குப் போகிறது என்று கம்ப்யூட்டர் தனக்குத் தானே வைத்திருக்கும் நினைவு, அதைச் சுத்தம் பண்ணுவதால் பெரிய வேகம் ஒன்றும் வந்துவிடாது சித்தப்பா, கை வைக்காமல் இருப்பதே நல்லது என்றாய். நான் கேட்பேனா? சரஸ்வதி கோபிப்பாள் என்றேன். நீ ஒரு பெருமூச்சு விட்டாய் பார், அது பெர்கனிலிருந்து கிளம்பி எங்கள் ஜன்னல் கம்பியை ஆட்டிவிட்டுப் போனது. அப்புறந்தான் வாட்ஸ்அப்பில் அந்த வாய்ஸ் மெசேஜை அனுப்பினாய். தொடுவதற்கு முன்னால் முழு ரெஜிஸ்ட்ரிக்கும் ஒரு நகல் எடுத்துப் பென்டிரைவில் போட்டு வைக்க வேண்டும், பிசகினால் பழைய நிலைக்கே திரும்பக் கம்ப்யூட்டரிலும் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் போட வேண்டும், நிச்சயமாகத் தெரிந்த பேரை மட்டும் அழிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் விட்டுவிட வேண்டும், ஒன்றை அழித்தால் அணைத்து ஆன் பண்ணி எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். பெண் பார்க்கப் போகும்போதுகூட இத்தனை நிபந்தனை யாரும் போட்டதில்லை என்று நான் முணுமுணுத்தேன். ஆனால் உன் சித்தி விடவில்லை. நகல் எடுக்காமல் அதில் கை வச்சீங்க, இன்னிக்கு உங்களுக்குச் சுண்டலே கிடையாது என்றுவிட்டாள். சுண்டலுக்காக நகல் எடுத்தேன். உலக வரலாற்றில் சுண்டல் ஒரு தொழிலைக் காப்பாற்றியது இதுதான் முதல் தடவை.

வேண்டாத புரோகிராம்களைக் கன்ட்ரோல் பேனலில் நீ சொன்னபடி எடுத்தேன். அப்புறம் ரெஜிஸ்ட்ரியைத் திறந்தேன். எப்போதோ தூக்கிப்போட்ட பிரிண்டரின் பேர் ஒன்று இருந்தது, அதை அழித்தேன், அணைத்து ஆன் பண்ணினேன், எல்லாம் ஓடியது. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பில் கேட்பதற்கு ஆள் இல்லாத மகாராஜா மாதிரி உலாவினேன். அப்போது கண்ணில் பட்டது மதுரைக் கம்பெனி ஒன்றின் பேர். நம் எடை சாப்ட்வேரை உன் அப்பா காலத்தில் செய்து கொடுத்த கம்பெனி, அது மூடிப் பல வருஷம் ஆகிறது, முதலாளியும் போய்விட்டார். செத்துப்போன கம்பெனிக்கு உள்ளே என்ன வேலை என்று அதையும் அழித்தேன். அணைத்து ஆன் பண்ணலாம் என்று கையை நீட்டுகிறேன், உன் சித்தி சூடத்தோடு வந்து நிற்கிறாள், நேரமாகுது நகருங்க என்கிறாள். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஏறிவிட்டது. சாமிக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது என்பது உனக்குத் தெரியும். சோதித்துப் பார்க்காமலே கம்ப்யூட்டர் மாலையோடு தூங்கியது, நானும் சுண்டலோடு தூங்கினேன்.

மறுநாள் விடிந்ததும் முதல் லாரி அருணாசலவடிவு அக்காவுக்காக வந்தது. பழைய காயலுக்குப் போகிற வழியில் குத்தகைக்கு உப்பளம் வைத்திருக்கிறாளே, நீ பள்ளிக்கூடம் போகும்போது உனக்குப் பனங்கிழங்கு தருவாளே, அவள்தான். அவளிடம் உப்பு வாங்குகிற கேரளாப் பார்ட்டி அன்றைக்குத்தான் லாரிகளை அனுப்பியிருந்தான். ஏற்றுகிற நாளாயிற்றே என்று, குவித்து வைத்த உப்பு அம்பாரத்தின் மேல் மூடியிருந்த ஓலைக் கீற்றையெல்லாம் விடியுமுன்னே பிரித்துப் போட்டுவிட்டு, ஜேசுதாசன் லாரியில் முன்னால் ஏறி உட்கார்ந்து அவளே வந்துவிட்டாள். அவளுடைய ஒரு வருஷத்து உப்பு, மலை மாதிரி, வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. கிழக்கே கடல் மேல் கருத்துக்கொண்டு வருகிறது. வெறும் லாரியை முதலில் நிறுத்துச் சீட்டு வாங்கினால்தான் பாரம் ஏற்ற முடியும், பிரிண்ட் ஆன சீட்டு இல்லாமல் கேரளாக்காரன் ஒரு படி உப்புகூட எடுக்க மாட்டான். லாரி மேடை ஏறியது. எடைப் பெட்டியில் எண் ஓடுகிறது. கம்ப்யூட்டரில் வெறும் பூஜ்யச் சுழி. அனுசியா என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். மறுபடி தட்டினாள், மறுபடியும் சுழி. அந்தச் செத்த கம்பெனியின் பேரில்தான், எந்த வயர் வழியாக எடை வருகிறது என்கிற நினைவு இருந்திருக்கிறது. திரும்ப ஏற்றலாம் என்றால் சிடி வேண்டும், சிடியை உன் சித்தி முருங்கை மரத்தில் காக்கா விரட்டக் கட்டித் தொங்கவிட்டு எத்தனையோ மழை பார்த்துவிட்டது. நீ போடச் சொன்ன ரீஸ்டோர் பாயின்ட்டோ, இடம் போதவில்லை என்று முதல் நாளே முரண்டு பிடித்துவிட்டது, அதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை.

பின்னால் வரிசை நிற்கிறது, அதன் வால் கொழும்பில் இருந்தது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், ஹார்பர் வளைவு வரைக்கும் என்று வைத்துக்கொள். என்ன அண்ணாச்சி, பூஜை பலமா என்கிறான் ஒருத்தன். கம்ப்யூட்டருக்கு மாலை போட்டதிலே அது மாப்பிள்ளை ஆயிட்டு, வேலை செய்யாது என்கிறான் இன்னொருத்தன். அடுத்த எடைமேடைக்குப் போனால் அங்கேயும் இதே கூட்டம், முறை வருவதற்குள் பொழுது போய்விடும். அருணாசலவடிவு அக்கா ஒன்றும் திட்டவில்லை. லாரியிலிருந்து இறங்கி வந்து ஜன்னல் பக்கத்தில் நின்று, தம்பி, போன வருசம் மழையிலே பாதி கரைஞ்சு போச்சு, இந்த வருசமும் போச்சுன்னா குத்தகையை விட வேண்டியதுதான் என்று ரொம்ப மெதுவாகச் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவளோ மெதுவாகச் சொன்னாள், இதில் ஒரு எழுத்துகூட மிகை இல்லை.

உனக்குப் போன் போட எடுத்தேன். அங்கே நீ நல்ல தூக்கத்தில் இருப்பாய் என்று வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தேன், மறுபடி வைத்தேன். அனுசியாதான், அண்ணாச்சி, செல்வி அனுப்பின மெசேஜைப் போடுங்க என்றாள். போட்டேன், ஸ்பீக்கரில். நான் முதல் தடவை பாதியோடு நிறுத்திவிட்டிருக்கிறேன், கடைசியில் நீ பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன். சித்தப்பா, நீங்க கண்டிப்பா எதையாவது அழிச்சிருப்பீங்க, எனக்குத் தெரியும், பதறாதீங்க என்று ஆரம்பிக்கிறாய். வெளியே லாரிக்காரர்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்கள், நீ சொல்லச் சொல்ல ஜன்னலில் தலைகள் கூடிக்கொண்டே போயின. பென்டிரைவைச் சொருகுங்க, அந்த நகல் மேலே ரெண்டு தட்டுத் தட்டுங்க, சேர்க்கட்டுமான்னு கேக்கும், ஆமான்னு சொல்லுங்க, அணைச்சு ஆன் பண்ணுங்க, அவ்வளவுதான், போயி சாப்பிடுங்க. ஏளா, அந்தக் குரலைக் கேட்டதும் நீயே மேடை ஏறி வந்து நின்ற மாதிரி இருந்தது.

பென்டிரைவை எடுக்கப் போனால் அது சாமி படத்துக்கு முன்னால் பொரித் தட்டில் இருக்கிறது. உன் சித்தி அதுவும் ஆயுதம்தானே என்று சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டாள். சந்தனம் சொருகுகிற வாய்க்குள் போய்க் காய்ந்து சிமெண்டாக நிற்கிறது, சொருகினால் உள்ளே போகவில்லை. அனுசியா ஊதுபத்திக் குச்சியால் நோண்டி நோண்டி எடுத்தாள். அவள் நோண்டும்போது இந்த நாட்டில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. முதல் துளி மழை மேடைத் தகரத்தில் டொக்கென்று விழுந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. சொருகினோம். தட்டினோம். கேட்டது, ஆமாம் என்றோம். அணைத்து ஆன் பண்ணினோம். கொஞ்சம் வேகமாகத்தான் கண்ணைத் திறந்தது, வேண்டாததை எடுத்ததில் அந்த மட்டுக்காவது புண்ணியம். எடை வந்தது. பிரிண்டர் கரகரவென்று சீட்டைத் தள்ளியது, மேலே உன் அப்பா பேர், வன்னியபெருமாள் எடைமேடை என்று. ஜேசுதாசன் ஹாரனை அமுக்கியது உனக்கே கேட்டிருக்க வேண்டும்.

அந்த ஒரு துளியோடு மழை எங்களை மிரட்டிவிட்டு நின்றுகொண்டது. லாரிகள் நடை மேல் நடை அடித்தன, கடைசி நடை உப்பு நிறுத்து, தார்ப்பாய் இழுத்துக் கட்டி ரோட்டில் ஏறின பிறகுதான் கொட்டியது, வானமே ஓட்டையாகிவிட்ட மாதிரி. அக்கா நனைந்துகொண்டே வந்தாள். முந்தியில் முடிந்து ஒரு சேர் உப்பு, அம்பாரத்தின் உச்சியில் எடுத்ததாம். ஒன் மவளுக்கு அனுப்புலே, அவ வாய்ச் சொல்லுலதான் என் உப்பு கரை ஏறியிருக்கு என்றாள். என் அண்ணன் மகள் என்று நான் திருத்தவில்லை. யாரிடமும் திருத்தியதும் இல்லை. உன் அப்பா என்னிடம் விட்டுப் போனது இரண்டு, இந்த மேடையும் நீயும். மேடைக்கு நான் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருக்கிறேன், நீயோ அங்கிருந்தே எனக்கு வழி சொல்லுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய். நான் பெரிய வார்த்தை பேசுகிறவன் என்று ஊருக்கே தெரியும், ஆனால் நன்றி என்று எழுத வந்தால் அந்த ஒரு வார்த்தைதான் வருகிறது, அதை அப்படியே வைத்துக்கொள்.

இப்போது டீக்கடையில் நான்தான் ரெஜிஸ்ட்ரிக்கு ஆலோசகர். முதலில் நகல், தெரியாததைத் தொடாதே, ஒன்றை எடுத்தால் ஓட்டிப் பார், பூஜை அன்றைக்குத் தொடவே தொடாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடைசி விதி மட்டும் என் சொந்தக் கண்டுபிடிப்பு. நேரத்துக்குச் சாப்பிடு தாயி, வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, தை மாசக் கல்யாணத்துக்கு லீவு இப்போதே சொல்லி வை, சித்தி உன் அளவுக்கு ரவிக்கைத் துணி எடுத்துவிட்டாள். செந்தூர் முருகன் உன் கூடவே இருக்கட்டும், நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும். உப்பைச் சமையலுக்கு எடு, பத்திரப்படுத்துகிறேன் என்று ஜாடியில் வைத்துக் கரைய விட்டுவிடாதே, உங்கள் ஊர் ஈரம் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு வந்த முதல் சீட்டின் நகலை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். எடை நிறுத்தவர் என்று கீழே ஓர் இடம் இருக்கும், அதில் எப்போதும் அனுசியா தன் பேரைத்தான் அடிப்பாள். அன்றைக்கு அவள் என்ன அடித்திருக்கிறாள் என்று பார். சந்தனச்செல்வி, பெர்கன் என்று இருக்கிறது. கேரளாக்காரன் இது எந்த ஊர் எடைமேடை என்று இன்னும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறான், நான் சொல்லவில்லை.

இப்படிக்கு, உன்னை நினைக்காத நேரம் இல்லாத
சித்தப்பன்
செந்தூர்வேல்