இரண்டாவது பங்கர்

இன்று பட்டறையில் பழைய உருக்குத் தண்டொன்றைக் கடைய லேத்தில் ஏற்றினேன். சூடான இரும்பும் எண்ணெயும் கலந்த நாற்றம் எழுந்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது. நீ இறந்து ஒரு வருடமாகிறது. உன் மெஷினில் இப்போது வேறொருவன் நிற்கிறான். கெட்டிக்காரன்தான், ஆனால் வாயே திறக்கமாட்டான்.

வளைகுடாப் போர் முடிந்த வருடம், மெல்பனில் இதே பட்டறையின் சாப்பாட்டு அறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நீ சோற்றை ஆறவிட்டாய். நிலத்தடி அரண்களை உடைக்க அமெரிக்கர்கள் அவசரமாக ஒரு குண்டு செய்திருந்தார்கள். அதன் உடம்பு, கழித்துப் போட்ட பீரங்கிக் குழல். இலக்கின் மேல் லேசர் ஒளியைப் பிடித்தால் குண்டு அந்த ஒளியைத் தேடிப் போய், கொங்கிரீட்டைத் துளைத்து, உள்ளே வெடிக்கும். "இது எங்கட வேலையடா மச்சான், கடைசல் வேலை," என்றாய். முகத்தில் பெருமை இருந்தது. பிறகுதான் யாழ்ப்பாணத்தில் விமானம் வரும்போதெல்லாம் பங்கருக்குள் ஒளியும் உன் அம்மாவும் தங்கையும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பேப்பரை மடித்துவிட்டாய்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அதே போரில் பாக்தாத்தில் ஒரு பதுங்கிடத்தின் கூரையை முதற்குண்டு துளைக்க, அடுத்தது அந்தத் துளை வழியே இறங்கி நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றதை டிவியில் பார்த்திருந்தேன். "எல்லாரும் ஒரு பங்கருக்கை இருக்கக்கூடாது. ரெண்டாப் பிரிஞ்சு இருக்கச் சொல்லி எழுது," என்றேன். நீ அன்றே வீட்டுக்கு எழுதினாய்.

எங்கள் ஊரில் விழுந்த குண்டுகளுக்கு லேசரும் இல்லை, குறியும் இல்லை. விமானத்திலிருந்து சும்மா உருட்டி விட்டார்கள். குண்டுகளைப் பற்றி இவ்வளவு பேசிய இரண்டு பேருக்கும் அது ஏன் உறைக்கவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பழைய பங்கர் உறுதியானது. தங்கையும் அவள் பிள்ளைகளும் அதில் தப்பினார்கள். உன் கடிதத்துக்காக அவசரமாக வெட்டிய புதியது, பக்கத்தில் விழுந்த குண்டின் அதிர்விலேயே இடிந்தது. அதற்குள் அம்மா தனியே இருந்தார்.

சில வருடங்கள் கழித்துத் தங்கை மெல்பனுக்கு வந்தாள். வந்த கிழமையே கேட்டாள்: "ஆரண்ணை உங்களுக்கு அந்த யோசனையைச் சொன்னது?"

"நானாத்தான் எழுதினனான்," என்றாய். பக்கத்தில் இருந்த என்னை நீ திரும்பியும் பார்க்கவில்லை. நான் தேத்தண்ணீரைக் குடித்தேன். பிறகு காருக்குள் ஏனென்று கேட்டபோது, "அவள் ஓராளைக் கோவிச்சாக் காணும், ரெண்டு பேர் வேண்டாம்," என்றாய்.

ரோவில் புறநகரில் அவள் வீட்டு ஹாலில் அம்மாவின் படம் மட்டும்தான் தொங்குகிறது. உன் படத்தை அவள் வைக்கவில்லை. எனக்குக் களைத்துவிட்டதடா. ஒவ்வொரு ஞாயிறும் அந்த யோசனை என்னுடையதென்று அவளிடம் சொல்லிவிடத்தான் போகிறேன்.

"அம்மாவைத் தனிய விட்ட மனுசன்," என்று போன ஞாயிறும் உன்னைப் பற்றிச் சொன்னாள். சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன். "போட்டு வாறன் தங்கச்சி," என்று எழும்பி வந்துவிட்டேன்.