அதே முகாம், அதே சொல்

அன்பிற்குரிய சொர்ணலதா,

நீயும் மகள் ஜீவிதாவும் நலமென நம்புகிறேன். மைசூரில் நானும் நலமே.

அவளுக்கு விடுமுறை முகாமைத் தேர்ந்துவிட்டேன். சென்ற கோடையில் அவளை அழவைத்த அதே முகாம்! நம் பால் கன்னடத்தில் ஹாலு ஆவதுபோல் பள்ளியும் ஹள்ளியாகும் என்றெண்ணி, தான் 'ஹள்ளி'யில் படிப்பதாகச் சொன்னாள். ஹள்ளி என்றால் சிற்றூராம். அன்றிலிருந்து, இங்கே வா என்பதற்கும் "ஏ ஹள்ளி, பா இல்லி!" என்றே அழைத்துச் சிரித்தான் அந்தப் பயிற்சியாளன்.

நேற்றும், "ஏனு சார், நம்ம ஹள்ளி பர்தாளா?" என்றான்.

"வருகிறாள். நிறைவு விழாவில் கன்னடத்தில் பேசுகிறாள். தலைப்பு, ஹள்ளி" என்றேன்.

உரையை நானே எழுதுகிறேன். ஒவ்வொரு சொல்லும் அவன் செவியில் அறையும்.

அவளிடம் புளிக்காய்ச்சல் கொடுத்தனுப்பு. இங்கே சோறு இறங்குவதில்லை. முடிந்தால் ஊரிலிருந்து நீயும் வா. அவன் முகம் கறுப்பதைத் தனியே பார்த்தால் எனக்கு நிறைவிராது.

பணிக்கு நேரமாகிவிட்டது.

உன்
உதயகுமார்