சிம்பன்ஸி தட்டாத பைப்

மஹய்யாவ,
கண்டி.
22.05.2016

அன்புள்ள மகள் அன்னலட்சுமிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடும் ஓரளவு மரியாதையோடும் இருக்கிறோம். உயிர் கடவுள் தயவு. மரியாதையில் கொஞ்சம் மிச்சமிருப்பது, நீ கட்டுரை எழுதிய அந்த வாரப் பத்திரிகையை நம் வரிசையில் எல்லா வீட்டிலும் வாங்குவதில்லை என்பதால். ஜெர்மனியில் நீயும் மருமகனும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள். நீ ஆராய்கிற சிம்பன்ஸிகளும் சுகமாகத்தான் இருக்கும், அவற்றைப் பற்றி யாரும் பத்திரிகையில் கேலியாக எழுதுவதில்லையே. உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. ஐந்து வாரமாக நான் போனை எடுக்காததால் கடிதம் எழுதுவதாகச் சொல்லி, ஆகஸ்டில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாமா, அப்பாவுடைய கோபம் தீர்ந்ததா, இந்த மாதம் முடிவதற்குள் பதில் தெரிந்தால்தான் டிக்கெட் எடுப்பேன் என்று கேட்டிருக்கிறாய். பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் முதல் பக்கத்தில் இல்லை. நீ என்னைப் பற்றி ஊர் முழுக்க வாசிக்க வைத்தாய், நான் உன்னை நாலு பக்கம் வாசிக்க வைக்கிறேன்.

நீ எழுதியது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை, அலுமாரியில் மடித்து வைத்திருக்கிறேன். சிம்பன்ஸிகள் ஒன்றிடமிருந்து ஒன்று எப்படிப் படிக்கின்றன என்று விளக்க வந்தவள், ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்கிறாய். ஒரு ஆள் பெட்டியின் மேலே குச்சியால் தட்டிவிட்டு, பிறகு கீழே உள்ள கதவைத் திறந்து இனிப்பை எடுத்துக் காட்டுகிறான். பெட்டி கண்ணாடி போல உள்ளே தெரிகிறதாக இருந்தால், தட்டுவதற்கும் இனிப்புக்கும் சம்பந்தம் இல்லை என்று சிம்பன்ஸி கண்டுகொண்டு, தட்டாமல் நேரே கதவைத் திறக்கிறது. மனிதப் பிள்ளையோ பெரியவன் தட்டினான் என்பதற்காகத் தானும் தட்டிவிட்டுத்தான் திறக்கிறது. இதுவரை நல்ல விஷயம். இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், கண்டியில் என் அப்பா லெட்சுமணன் என்று பெயரையும் போட்டு, 1979இல் துருப்பிடித்து அடைத்த பழைய பைப்பைக் கல்லால் மூன்று தட்டு தட்டித் தண்ணீர் வரவைத்தார், 1994இல் புதுப் பைப் போட்ட பிறகும் இருபத்திரண்டு வருஷமாகத் தட்டிக்கொண்டே இருக்கிறார், ஒரு சிம்பன்ஸி இரண்டு நாளில் விட்டிருக்கும் என்று எழுதிவிட்டாய். அதாவது உன் அப்பா சிம்பன்ஸிக்கு அடுத்தபடி. சந்தோஷம். பைப்பில் தட்டிய கையோடு, பள்ளிக்கூடத்துக்கு உன்னை நடத்திக் கூட்டிப்போன காலையும் சேர்த்து எழுதியிருக்கலாமே, நாலு கால் கணக்கு வந்திருக்கும்.

பக்கத்து வீட்டு ராஜலிங்கம், அதுதான் திரீவீலர் ஓட்டுகிறவன், குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஆள் வரும்வரை பத்திரிகை வாசிப்பவன், அவன்தான் முதலில் கொண்டுவந்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, “அண்ணே, ஒங்க மக ஒங்களப் பத்தி எழுதியிருக்கு, கேக்குறீங்களா” என்று சத்தமாக வாசித்துக் காட்டினான். தட்டுகிற இடம் வந்ததும் சிரிப்பில் அவனுக்குப் புரை ஏறிவிட்டது. உன் அம்மா அழகம்மா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள், அந்தப் பைப்பில் பிடித்த தண்ணீர்தான். அதே கட்டுரையில், வயதுக்கு வந்த பெண் சிம்பன்ஸி பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போனால், போன இடத்தார் எந்தக் கருவியால் கொட்டை உடைக்கிறார்களோ அதையே தானும் எடுத்துக்கொள்ளும், தான் பழகிவந்ததை விட்டுவிடும் என்று எழுதியிருக்கிறாய் அல்லவா, அதைக் கேட்டுவிட்டு உன் அம்மா, “இது யாரப் பத்தி எழுதுனதாம், தன்னப் பத்தியா” என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை. எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

எனக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை என்பது உனக்குத் தெரியும். பேராதனையில் விலங்கியல் ஆய்வுகூடத்தில் முப்பத்தொரு வருஷம் போத்தல் கழுவினேன், தவளைக்கு மருந்து வைத்தேன், விரிவுரை முடிந்ததும் கரும்பலகையைத் துடைத்தேன். துடைப்பதற்கு முன்னால் ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டுத்தான் துடைப்பேன். நான் படித்த பல்கலைக்கழகப் படிப்பு அதுதான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் உன் ஆங்கிலக் கட்டுரைகளையும் வரவழைத்து அகராதியோடு நாலு நாள் உட்கார்ந்தேன். தாய்ச் சிம்பன்ஸி குட்டியின் கையைப் பிடித்துச் சொல்லித் தருவது மிக அபூர்வம், குட்டி கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பார்த்து, தவறாக உடைத்து, விரலை நசுக்கிக்கொண்டு படிக்கிறது என்கிறாய். வாசித்தபோது, அட, நம்மாள் என்று நினைத்தேன். நானும் அந்த இனம்தான், பென்ஷன் வாங்குகிற சிம்பன்ஸி. ஆனால் உன்னிடம் ஒரு கேள்வி. ஒரு பக்கத்தில் சிம்பன்ஸி வேண்டாத வேலை செய்யாது என்கிறாய். இன்னொரு பக்கத்தில் ஆப்பிரிக்காவில் ஒரு பெண் சிம்பன்ஸி காதில் புல்லைச் செருகிக்கொண்டது, ஒரு பயனும் இல்லை, ஆனாலும் அந்தக் கூட்டத்தில் மற்றவையும் செருகிக்கொண்டன என்கிறாய். காதில் புல் செருகினால் ஆராய்ச்சி, பைப்பில் கல் தட்டினால் கேலியா? இதை ராஜலிங்கத்திடம் சொன்னேன். அன்று முதல் அவன் என்னைக் கண்டால் காதில் ஒரு பேனாவைச் செருகிக்கொண்டு போகிறான்.

சரி, கோபம் ஒரு பக்கம், சோதனை ஒரு பக்கம். ஆய்வுகூடத்தில் இருந்தவன் சும்மா சண்டை போட மாட்டான். நீ சொன்னது பொய் என்று காட்டுவதற்காகவே போன மாதம் ஒரு திங்கட்கிழமை முதல் தட்டுவதை நிறுத்தினேன். உனக்குத் தெரியும், நமக்குத் தண்ணீர் காலையில்தான், அதுவும் ஒரு நாள் ஐந்து மணிக்கு, ஒரு நாள் ஆறரைக்கு, வந்தால் ஒரு மணி நேரம். பைப்பில் காற்று இரைகிற சத்தம் கேட்டதும் நான் எழுந்து போய்த் தட்டிவிட்டுத் திறப்பேன். அன்று தட்டாமல் திறந்தேன். தண்ணீர் வந்தது. செவ்வாயும் வந்தது. புதனும் வந்தது. நீ எழுதியது சரி. இதை ஒரு தரம் எழுதிவிட்டேன், இரண்டாம் தரம் எழுத மாட்டேன், இந்த வரியை யாருக்கும் வாசித்துக் காட்டவும் வேண்டாம்.

வியாழக்கிழமை காலை நான் வாளியோடு நிற்கும்போது, கடைசி வீட்டு வீரம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து நம் பின்கட்டுக்கு வந்து நின்றார். எழுபத்தெட்டு வயது, தனி ஆள், இரண்டு கண்ணிலும் புரை, சத்தத்தை வைத்துத்தான் எல்லாம். என்னைப் பார்த்து, பார்த்து என்ன, என் பக்கம் திரும்பி, “தம்பி, இருக்கீங்களா? மூணு நாளா தட்டு கேக்கலையே, போய்ட்டீங்களோன்னு பயந்துட்டேன். யாரும் வந்து சொல்லலையே, பொணம் எடுத்த சத்தமும் இல்லையேன்னு யோசிச்சேன்” என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று நாளாக அவர் வீட்டில் தண்ணீர் இல்லை. தண்ணீர் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. பானையில் இருந்ததை வைத்துக் கஞ்சி காய்ச்சி இரண்டு நாள் ஓட்டியிருக்கிறார், மூன்றாம் நாள் அதுவும் இல்லை. நான் ஏதோ கேட்க வாய் திறந்தேன், அதற்குள் ராஜலிங்கம் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, “அண்ணே, ஒங்க ஆராய்ச்சியெல்லாம் அப்பறம் வச்சுக்கங்க, மொதல்ல தட்டுங்க! மூணு நாளா புள்ள மூஞ்சி கழுவாம ஸ்கூலுக்குப் போகுது, மிஸ் என்னயக் கூப்புட்டு ஏசுறாங்க” என்று கத்தினான். காதில் பேனா இல்லை.

அன்னலட்சுமி, அது இரும்புப் பைப். ஏழு வீட்டுக் குசினிச் சுவரையும் தொட்டுக்கொண்டு போகிறது. இந்த முனையில் நான் மூன்று தட்டு தட்டினால் அந்த முனையில் வீரம்மாவின் தலைமாட்டில் கேட்கும். கேட்டதும் ஏழு வீட்டிலும் வாளி எடுப்பார்கள். எத்தனை வருஷமாக என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. ஏதோ அடைப்புக்குத் தட்டப்போய் நான் ஏழு வீட்டுக்கு மணியடிக்கிறவனாக இருந்திருக்கிறேன், அது எனக்கே தெரியாது. தெரியாமல் செய்தவன் என்று நீ என்னைச் சொல்லலாம், அது நியாயம். ஆனால் நீ? பதினெட்டு வருஷம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்தவள். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும்போது எந்தச் சத்தத்துக்கு எழுந்தாய்? வீட்டில் மணிக்கூடு ஓடாத வருஷம் அது. காட்டில் ஒரு சிம்பன்ஸி கல்லைத் தூக்கினால், எந்தக் கல், எத்தனை தரம், பக்கத்தில் யார் யார் என்று எழுதிவைக்கிறாய். உன் அப்பன் கல்லைத் தூக்கினால் பக்கத்தில் யார் என்று பார்க்கத் தோன்றவில்லை. உன் பெட்டி முன்னால் சிம்பன்ஸி உட்கார்ந்து இனிப்பை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டது. நல்ல கெட்டிக்காரச் சீவன். பெட்டிக்குப் பின்னால் ஏழு வீடு இருந்ததா? அதையும் ஒரு சோதனை செய்து பார்த்துவிட்டு எழுது. அதே பத்திரிகையில், அதே அளவு எழுத்தில் எழுது. என் பெயரையும் போடு, இந்த முறை முதல் எழுத்தோடு.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைவு, சீனி கொஞ்சம் கூட, எனவே சொக்லட் கொண்டுவர வேண்டாம். வீரம்மாவின் ஒரு கண்ணுக்கு அடுத்த மாதம் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், ராஜலிங்கம் கூட்டிப்போவதாக ஒத்துக்கொண்டான். நீ குளிரில் தலை நனைய நடக்காதே, மருமகனுக்கு ரசம் பழக்கு.

இனி உன் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். பகிடியாக எழுதியிருக்கிறாய், பிள்ளை பல் துலக்கப் போகும்போது கரண்டியால் பைப்பில் மூன்று தட்டு தட்டிவிட்டுத்தான் திறக்கிறாள், நான் சொல்லித் தரவே இல்லை, எங்கே படித்தாளோ என்று. நீங்கள் வைத்த பெயர் என் வாயில் நிற்கவில்லை, நான் என் தாயின் பெயரைச் சொல்லிப் பாப்பம்மா என்றுதான் கூப்பிடுவேன். பாப்பம்மாவுக்கு ஆறு வயது. கைக்குழந்தையாக ஒருமுறை பார்த்தேன், பிறகு போனில்தான். விவரம் தெரிந்து அவள் என் பைப்பைப் பார்த்ததில்லை. அப்படியானால் எங்கே படித்தாள்? கைக்கெட்டும் தூரத்தில் யார் நின்று தட்டினார்கள்? கலாநிதிப் பட்டம் வாங்கியவள், நீயே கண்டுபிடி. அம்மாவிடம் இதை வாசித்தேன், அவள் சிரித்த சிரிப்பு ராஜலிங்கம் சிரித்ததைவிடப் பெரிது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஊரில் அந்தப் பிள்ளை தட்டினால் யாருக்குக் கேட்கும், யார் வாளி எடுப்பார்கள் என்று மட்டும் யோசித்தேன்.

ஆகவே டிக்கெட்டை எடு. பெரஹெரா ஊர்வலத்துக்குச் சனம் சேர்வதற்கு முன்னாலேயே வந்து சேருங்கள், பிறகு டவுனுக்குள் நுழைய முடியாது. பிள்ளைக்கு நான் ஒன்றும் சொல்லித் தர மாட்டேன், தமிழும் சொல்லித் தர மாட்டேன், நீ பயப்பட வேண்டாம். காலையில் பைப்புப் பக்கம் வந்து நின்றால் போகச் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான். கோபம் தீர்ந்ததா என்று கேட்டாய். தீரவில்லை. அதை வந்து பார்த்துக்கொள்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் வேண்டிக்கொள்கிறோம். விமானத்தில் பிள்ளைக்குக் காதை மூடக் கொஞ்சம் பஞ்சு எடுத்துவை, புல் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ச. லெட்சுமணன்

பி.கு. என் கல் அவள் கைக்குக் கனம். நேற்றுக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இறங்கி, ஆற்றிலிருந்து சின்னதாக ஒன்று எடுத்துவந்து கழுவி, பைப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தட்டியும் பார்த்தேன். கடைசி வீடு வரை கேட்டது என்று வீரம்மா சொன்னார்.