உள்பக்கத் தாழ்ப்பாள்

குமுதாவுக்கு,

வீட்டைவிட்டுப் போனதிலிருந்து நீ போன் எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். பாப்பாவுக்காகத் திருப்பதியில் இரண்டு அரசு ஹைஸ்கூல் பார்த்தேன்.

முதலாவதில் பத்தாவது ரிசல்ட் தொண்ணூற்றாறு சதவீதம். ஆனால் பெண்பிள்ளைகள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது.

இரண்டாவதில் எண்பத்தொன்றுதான். அங்கே வேலை செய்யும் ஆயம்மா நகரிக்காரர், நம்மைப்போல் தமிழ் பேசுகிறவர். அவரைக் கழிப்பறையைப் பார்த்துவரச் சொன்னேன். "தண்ணி வந்துகினு கீது, உள்ள தாப்பாளும் கீது. இதையெல்லாம் எந்த அப்பனும் கேட்டதில்ல நைனா," என்றார்.

நம் வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் வைக்கச் சொல்லி நீ ஒரு வருஷம் கேட்டாய். பாப்பா வளர்கிறாள் என்றாய். எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது பள்ளியில் விண்ணப்பம் வாங்கிவிட்டேன். அம்மா கையெழுத்துக்கும் இடம் இருக்கிறது.

நேற்று தாழ்ப்பாளும் வைத்துவிட்டேன். சரியாக விழுகிறதா என்று உள்ளே இருந்து நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பாப்பாவின் அப்பா