ஜூலைக்கு மட்டும் பூ இல்லை

வருடம் முழுக்கப் பூக்கும் தோட்டம் போடுவதற்காக, ஒஸ்வல்ட் கோயில் கலண்டரில் மாதத்துக்கு ஒரு பூவாக எழுதி வைத்திருந்தார். ஜனவரிக்கு டேலியா, பெப்ரவரிக்கு ஜினியா, மார்ச்சுக்கு ரோசா. எல்லாம் பக்கத்து வீட்டு மார்ஜரி டீச்சரின் யோசனை. ஜூலைத் தாள் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அவர் மனைவி மதலேனாவின் பெயர்கொண்ட புனிதையின் திருநாள் அந்த மாதத்தில்தான் வருகிறது. நாவுல ஊருக்குப் போகும் பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்திலும் அவள் அந்தத் தாளைக் கிழித்து, மகள் டெல்பினின் பெயரால் கணவரை விளித்து அதிலேயே எழுதினாள்.

"டெல்பின் அப்பாவுக்கு, அக்காவுக்குக் காய்ச்சலாம், பார்த்துட்டு வாறேன். ஊரடங்கு போட்டா நாளைக்குத்தான் வருவேன். சோறு அடுப்பு மேல இருக்கு, கறி மண்சட்டியில. ஜூலைக் காத்துக்கு எந்தப் பூவும் நிக்காதுன்னு டீச்சர் சொன்னாங்களாமே. பதினொரு மாசத்துக்கு அவங்களுக்குப் பூ தெரியுது, என் மாசத்துக்கு மட்டும் காத்தடிக்குது. கறிய சுட வச்சுச் சாப்பிடுங்க."

பெயரை எழுதி முடித்துக் குடையை எடுத்தவள், வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். தாளின் அடியில் மிச்சமிருந்த விரலகல இடத்தில் நுணுக்கி எழுதினாள்.

"அந்திக்கு டீச்சர் கிழங்கு நட வருவாங்கன்னு சொன்னீங்க. வந்தா அவங்களுக்கும் சோறு போடுங்க. வீட்டுல மரக்கறி ஒன்னும் இல்ல. அவங்க குடுத்து நீங்க மணல்ல புதைச்சு வச்சிருந்த டேலியாக் கிழங்கைத்தான் கறி வச்சிருக்கேன். நல்லா வெந்திருக்கு."