உன் நிறத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்

இன்று காலை உன் மகன் என் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். நாளை மறுநாள் உன் ஆண்டுத் திவசம். வாசலில் கட்டப்போகும் பதாகையின் மாதிரி அது. உன் பெயர் இருந்தது. உனக்குப் பின்னால், எந்த நாட்டதோ, ஒரு நீர்வீழ்ச்சி இருந்தது. முகம் மட்டும் உன்னுடையதல்ல. மாவில் புரட்டி எடுத்தது போல வெளுத்த ஒரு பெண் அங்கே சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்து மச்சத்தையும் துடைத்துவிட்டிருந்தார்கள். வாவிக்கரையில் நான் எடுத்த அதே படம்தான். அச்சகத்தில் கொடுத்து வெள்ளையடித்திருக்கிறார்கள்.

உடனே அவனை அழைத்தேன்.

"இது ஆர் மனே?"

"என்ன மாமி, அம்மாதானே. கொஞ்சம் வடிவாக்கியிரிக்கு."

"உங்கம்மா வடிவில்லாமலா இருந்தவ?"

"அப்பிடியில்ல மாமி. பதாகையில கறுப்பா வந்தா சனம் என்ன சொல்லும்?"

சனம்! அந்தச் சனத்தின் பேச்சைக் கேட்டுத்தான் நீ கிழவியாகும்வரை எந்தப் படத்திலும் முகமில்லாமல் இருந்தாய். உன் கலியாணப் படத்தில் தாலிக்கொடி தெரிகிறது, சேலைக் கரை தெரிகிறது, முகம் இருக்கவேண்டிய இடத்தில் இருட்டு. அடையாள அட்டையில் வெள்ளைத் துணிக்கு முன்னால் ஒரு கறுப்புத் திட்டு. "என்ர முகம் போட்டோவில விழாது புள்ள. படைச்சவன் அப்பிடிப் படைச்சிட்டான்" என்று சொல்லிச் சிரிப்பாய். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

நான் கமரா வாங்கப்போகிறேன் என்றதும், "தையல் மெசினை விட்டெழும்பின கிழவிக்குக் கமராவாம்" என்று நம் ஊர் செட்டிபாளையமே சிரித்தது. தைக்கவும் எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை; பழைய சட்டையைப் பிரித்துப் பிரித்துத்தான் பழகினேன். கூட்டாளியென்று நீ மட்டும் என்னோடு டவுனுக்கு பஸ் ஏறினாய்.

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து மினுங்குகிற ஒன்றை எடுத்தார். "இது மெகாபிக்சல் கூட அம்மா. இத எடுங்க."

"கூடினா என்ன?"

"படத்தப் பெரிசா அடிக்கலாம்."

நீ இடையில் புகுந்தாய். "பெரிசா அடிச்சா நான் பெரிய கறுப்பா வருவன் தம்பி. வேற காட்டுங்க."

நான் ஒவ்வொரு கமராவாக வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பலவற்றின் திரை அந்த வெளிச்சத்தில் ஒன்றும் காட்டவில்லை. வாவிக்கரையில் அதை வைத்து என்ன செய்வது? கண்ணை வைத்துப் பார்க்கத் துளை வேண்டும், பொத்தான்கள் வெளியில் இருக்க வேண்டும், என் கைக்குக் கனக்கக் கூடாது. அப்படி ஒன்று அடித்தட்டில் கிடந்தது.

"அது பழைய மொடல் அம்மா."

"நாங்களும் பழைய மொடல்தான். குடுங்க" என்றாய் நீ.

முதல் வாரங்களில் எடுத்த படங்களை நீ மறந்திருக்க மாட்டாய். தோணி தெளிவு, தண்ணீர் தெளிவு, நீ கரி. கமராவின் மேலிருக்கும் சில்லை அங்குமிங்கும் திருப்பி, வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவைக் கூட்டினேன், கரி அப்படியே இருக்க, படம் முழுக்க மணல் தூவியது போலப் புள்ளி விழுந்தது. வெளிச்சம் கூடநேரம் உள்ளே விழட்டும் என்று ஷட்டர் வேகத்தைக் குறைத்தேன். நீ வாய் ஓயாமல் கதைத்ததில் உதடு நாலாக வந்தது. "விடு கா, உனக்கும் அலுப்பு" என்றாய். நான் விடவில்லை.

ஒருநாள் காயப்போட்டிருந்த கறுத்த வலைக்கு முன்னால் குந்தியிருந்தாய். சும்மா ஒரு படம் எடுத்தேன். முகம் வந்தது. அதே முகம், அதே வெயில், அதே கமரா. மாறியது உனக்குப் பின்னால் இருந்தது மட்டும். அப்போதுதான் விளங்கியது. கமரா உன்னை அளக்கவில்லை. தன் முன்னால் இருக்கிற எல்லா வெளிச்சத்தையும் சேர்த்து அளக்கிறது. தண்ணீர் பளபளத்தால் கூடிப்போச்சு என்று வெளிச்சத்தைக் குறைக்கிறது. நீ இருட்டுக்குள் போகிறாய். ஊரையெல்லாம் அளந்து உனக்குச் சட்டை வெட்டினால் எப்படிப் பொருந்தும்? அடையாள அட்டையிலும் அந்த வெள்ளைத் துணிதான் உன்னை விழுங்கியது.

வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் சக (+), சய (−) அடையாளம் போட்ட பொத்தான் ஒன்று இருந்தது. வாங்கிய அன்றே ஓட்டோவில் வைத்து அமத்தி அமத்திப் பார்த்துப் பழுது என்று வைதிருந்தேன். பச்சை அடையாளமிட்ட ஓட்டோவில் அது வேலை செய்யாது. சில்லை 'பி' எழுத்துக்குத் திருப்ப வேண்டும். திருப்பினேன். உன்னைத் திரும்பவும் வாவிக்கு முன்னால் இருத்தி, சகப் பக்கம் தள்ளினேன்.

நீ திரையைச் சேலைத் தலைப்பால் நிழலாக்கிக்கொண்டு கனநேரம் பார்த்தாய். "மச்சமும் தெரியுது புள்ள" என்றாய்.

"தண்ணி வெளுத்துப் போச்சே கா" என்றேன்.

"போனாப் போகட்டும். இவ்வளவு காலமும் என்னைத்தானே போகவிட்டாங்க."

இதைத்தான் இன்று உன் மகனுக்குச் சொன்னேன். நான் கூட்டியது வெளிச்சத்தை. நீங்கள் மாற்றியது அவளுடைய தோலை. "இனி மாத்த ஒண்ணா மாமி, அச்சுக்குக் குடுத்தாச்சு" என்றான். குடுக்கட்டும்.

அந்தப் பொத்தானை நான் இன்னும் பூச்சியத்துக்குத் திருப்பவில்லை. கோயில் திருவிழாவை எடுத்தாலும் வானம் வெளுத்துப்போகிறது. ஊர் குறை சொல்கிறது. சொல்லட்டும்.

உன் படத்தைச் சட்டம் போட்டு வாங்கிவிட்டேன். திவசத்தன்று பதாகை வாசலில் ஆடட்டும். நான் உன்னை எடுத்துக்கொண்டு உள்ளே வருவேன். மாட்ட ஆணி தராவிட்டால் படையலுக்கு முன்னால் மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருப்பேன். இது ஆர் என்று கேட்கிறவர்களுக்கு மச்சத்தைத் தொட்டுக் காட்டுவேன்.